செக்கெண்ணெயும் செடிமெழுகும்: முதல் லிப் பாம் செய்கிறவர்களுக்கு

நான் முதன்முதலில் செய்த லிப் பாம், கத்திரி வெயிலில் கைப்பைக்குள்ளேயே உருகி வழிந்துவிட்டது. குளிர்நாட்டுக்காரர் ஒருவரின் குறிப்பைப் பார்த்து, கிராம் மாறாமல் அப்படியே செய்தது. அவர் வீட்டு அறையில் 20 டிகிரி இருந்திருக்கும். நம் ஊரில் மே மாதம் பூட்டிக்கிடக்கும் அறைக்குள்ளேயே 36, 37 டிகிரி. எந்தப் பொருள் எத்தனை டிகிரியில் உருகும் என்று தெரிந்துகொள்ளாமல் செய்ததுதான் பிழை. இயற்கை அழகுப்பொருள் செய்யப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: மூலிகைப் பட்டியலை மனப்பாடம் செய்வதற்கு முன்னால், கையில் இருக்கும் எண்ணெய்யும் மெழுகும் என்ன வேலை செய்கின்றன என்று பாருங்கள்.

இங்கே ஒரே ஒரு பொருளை முழுதாகச் செய்யப் போகிறோம். தேன்மெழுகு இல்லாத, பெட்ரோலியம் ஜெல்லி இல்லாத ஒரு லிப் பாம். எண்ணெய், பட்டர், மெழுகு மூன்றும் இதற்குள் வந்துவிடுவதால், இது கைக்கு வந்தால் மற்றக் களிம்புகளுக்கு அளவை மாற்றினால் போதும். தண்ணீர் சேர்ந்த கிரீம், லோஷன் பக்கம் இப்போது போக வேண்டாம். எண்ணெய்யும் மெழுகும் மட்டும் இருக்கும் பொருளில் கிருமி வளர்வது கடினம். ஒரு கரண்டி பன்னீரோ கற்றாழைச் சாறோ சேர்ந்துவிட்டால், பாதுகாப்புப் பொருள் இல்லாமல் சில நாட்களிலேயே பூஞ்சையும் பாக்டீரியாவும் வந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் முன்பே வந்துவிடும்.

முதலில் எண்ணெய்

எண்ணெய் தோலுக்கு ஈரம் கொடுக்காது. தோலில் ஏற்கெனவே இருக்கும் ஈரம் பறந்துபோகாமல் மூடி வைக்கும். அதனால்தான் குளித்து முடித்து, உடம்பு முழுக்கக் காய்வதற்கு முன் தடவுகிற எண்ணெய் நன்றாகப் பிடிக்கிறது. வறண்டு வெடித்த உதட்டில் அப்படியே தடவினால் பாதிப் பலன்தான். தண்ணீர் குடித்துவிட்டு உதடு லேசாக நனைந்திருக்கும்போது தடவிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஒவ்வோர் எண்ணெய்யும் கொழுப்பு அமிலங்களின் ஒரு கலவை. எந்த அமிலம் அதிகம் என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறும். தேங்காய் எண்ணெய்யில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். அது எளிதில் காறிப்போகாது. 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலை அடுப்போரம் வைக்கிற வீடுகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. நல்லெண்ணெய்யில் ஒலியிக் அமிலமும் லினோலியிக் அமிலமும் ஏறக்குறையச் சமமாக இருக்கின்றன. இந்த மாதிரிக் கலவை சீக்கிரம் கெட வேண்டியது. ஆனால் எள்ளுக்கே உரிய செசமால், செசமின் போன்ற பொருட்கள் அதைக் காக்கின்றன. நம் கைக்கெட்டும் எண்ணெய்களில் களிம்புக்கு என் முதல் தேர்வு இதுதான்.

விளக்கெண்ணெய் தனி ரகம். அதில் 85 முதல் 90 சதவீதம் வரை ரிசினோலியிக் அமிலம். வேறு எந்தச் சமையல் எண்ணெய்யிலும் இதைப் பார்க்க முடியாது. அந்தப் பிசுபிசுப்பும் பளபளப்பும் அதனால் வருவதுதான். உதட்டில் ஒட்டி நிற்க வேண்டும், லேசாக மின்ன வேண்டும் என்றால் இது வேண்டும். லிப்ஸ்டிக் செய்கிறவர்கள் நெடுங்காலமாக இதைப் பயன்படுத்துவதும் அதற்காகத்தான். ஆனால் பாதிக்கு மேல் போனால் உதடு பசைபோல ஒட்டும். அபூர்வமாகச் சிலருக்கு ரிசினோலியிக் அமிலமே உதட்டில் ஒவ்வாமை தரும். முன்பு ஏதாவது லிப்ஸ்டிக் போட்டு உதடு தோலுரிந்த அனுபவம் இருந்தால் விளக்கெண்ணெய்யை விட்டுவிட்டு, அந்த எடைக்கும் நல்லெண்ணெய்யே சேருங்கள்.

ஆலிவ் எண்ணெய்யைப் பற்றி ஒரு வார்த்தை. விலை அதிகம் என்பதாலேயே அது தோலுக்கு உயர்ந்தது என்று பலர் நம்புகிறார்கள். அதில் ஒலியிக் அமிலம் மிக அதிகம். 2013இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆலிவ் எண்ணெய்யையும் சூரியகாந்தி எண்ணெய்யையும் பெரியவர்களின் முன்கையில் தடவி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆலிவ் எண்ணெய் தோலின் மேலடுக்கைப் பலவீனமாக்கியது, லேசான சிவப்பும் வந்தது. சூரியகாந்தி எண்ணெய்யில் அந்தக் கெடுதல் இல்லை. பச்சைக்குழந்தைக்கு மசாஜ் செய்ய ஆலிவ் எண்ணெய் வாங்கப் போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வேப்பெண்ணெய் காலுக்கு நல்லது, உதட்டுக்கு வேண்டாம். கசப்பு மட்டும் காரணமில்லை. உதட்டில் தடவுவது கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றுக்குள் போகும். மலேசியாவில் குழந்தைகளுக்கு மருந்தென்று வேப்பெண்ணெய் புகட்டி, மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை 1981இலேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இயற்கையானது என்பதற்காக எதுவும் தானாகப் பாதுகாப்பானது ஆகிவிடாது.

பட்டர் எனப்படும் கெட்டிக் கொழுப்பு

அறை வெப்பத்தில் கெட்டியாக இருக்கும் தாவரக் கொழுப்பை பட்டர் என்கிறோம். எண்ணெய்க்கும் மெழுகுக்கும் நடுவில் நின்று, களிம்புக்கு உடம்பு கொடுப்பது இது. எல்லோரும் ஷியா பட்டரில் தொடங்குவார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் பெண்கள் பொறுக்கி, வறுத்து, அரைத்து எடுக்கும் கொட்டைக் கொழுப்பு. அருமையான பொருள்தான்; ஆனால் நம் வெயிலுக்கு இளகிவிடும். மெல்ல ஆறினால் ரவை ரவையாகத் திரியும்.

நான் கோகம் பட்டரைச் சொல்வேன். கொங்கணத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் மரத்தின் விதையிலிருந்து எடுப்பது. கல்போல உடையும், வாசனை கிட்டத்தட்ட இல்லை, 38 டிகிரிக்கு மேல்தான் இளகும். அதாவது உடம்புச் சூட்டுக்குச் சற்று மேலே. சென்னைக்கும் திருச்சிக்கும் இதைவிடப் பொருத்தமான பட்டர் எனக்குத் தெரியவில்லை. இலுப்பை எண்ணெய்யும் இந்த இனம்தான். குளிர்ந்தால் நெய்போல உறையும். கோயில் விளக்குக்கு என்று கடையில் விற்பதைத் தோலுக்கு வாங்காதீர்கள், அதில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. செக்கில் ஆட்டியதாகக் கேட்டு வாங்குங்கள்.

மெழுகு

எண்ணெய்யும் மெழுகும் ஒரே பொருளின் இரண்டு நிலைகள் அல்ல. எண்ணெய்யில் ஒரு கிளிசரால் மூலக்கூறோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்திருக்கும். மெழுகில் நீண்ட ஆல்கஹால் ஒன்றும் கொழுப்பு அமிலம் ஒன்றும் சேர்ந்த எஸ்டர்கள் இருக்கும். சிலவற்றில் ஹைட்ரோகார்பன்களும் நிறைய. இதனால் பெயரிலேயே குழப்பம் வரும். ஜோஜோபா எண்ணெய் உண்மையில் ஒரு திரவ மெழுகு. அமெரிக்க, மெக்சிகோ எல்லையில் இருக்கும் சொனோரா பாலைவனச் செடி அது. 1970களின் தொடக்கத்தில் எண்ணெய்த் திமிங்கிலப் பொருட்களுக்கு அமெரிக்கா தடை போட்டபோது, அந்தத் திமிங்கில எண்ணெய்க்கு மாற்றாக இதைக் கொண்டுவந்தார்கள். இப்போது ராஜஸ்தானிலும் பயிராகிறது. எதிர்ப்பக்கம், ஜப்பான் மெழுகு என்று விற்பது வேதியியல்படி மெழுகே இல்லை, கெட்டிக் கொழுப்பு. சுமோ மல்லர்கள் கொண்டை கட்டப் பூசுவது அதில் செய்த தைலம்தான். சோயா மெழுகும் அப்படியே, ஹைட்ரஜன் ஏற்றிய சோயா எண்ணெய்.

களிம்புக்கு மூன்று செடிமெழுகுகள் தெரிந்திருந்தால் போதும்.

கேண்டலில்லா மெழுகு மெக்சிகோவின் வடக்கே சிவாவா பாலைவனத்தில் வளரும் ஒரு கள்ளி இனச் செடியின் தண்டின் மேல் படிந்திருப்பது. 68 முதல் 73 டிகிரிக்குள் உருகும். தேன்மெழுகைவிடக் கெட்டி, அதனால் தேன்மெழுகு எழுதியிருக்கும் இடத்தில் ஏறக்குறையப் பாதி போட்டாலே போதும். அளவு மாற்றாமல் போட்டுவிட்டு, பாம் கல்லாகிவிட்டது என்று வருந்துகிறவர்கள் நிறையப் பேர். இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் செடியைக் காட்டில் வேரோடு பிடுங்கி, கந்தக அமிலம் கலந்த நீரில் கொதிக்கவைத்துத்தான் மெழுகை எடுத்து வந்தார்கள். எடுப்பவர்கள் ஏழைக் கூலிகள். இப்போது சிலர் சிட்ரிக் அமிலத்துக்கு மாறியிருக்கிறார்கள். செடி, பன்னாட்டு வணிகத்தைக் கண்காணிக்கும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. விலங்குப்பொருள் வேண்டாம் என்று தேன்மெழுகைத் தவிர்க்கிற நாம், இந்தக் கணக்கையும் பார்க்கத்தான் வேண்டும். கிராம் கிராமாக எண்ணிப் போடுவதற்கு எனக்கு இதுவும் ஒரு காரணம்.

கார்னபா மெழுகு பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை இனத்தின் ஓலையில் படிவது. ஓலையை வெட்டிக் காயவைத்துத் தட்டினால் தூளாக உதிரும், மரம் சாவதில்லை. 82 முதல் 86 டிகிரியில் உருகும், இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானது. புதியவர்கள் இதைத் தனியாகப் போட வேண்டாம். குச்சி வடிவ லிப் பாமுக்கு 2, 3 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம்.

தவிட்டு மெழுகு, தவிட்டெண்ணெய்யைச் சுத்திகரிக்கும்போது பிரிந்து வருவது. 77 முதல் 82 டிகிரி. நம் அரிசியிலிருந்து வருகிறது, காட்டுச்செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. கேண்டலில்லாவின் பளபளப்பு இதில் வராது, ஆனால் நல்ல மாற்று. கிடைத்தால் இதில் செய்து பாருங்கள்.

வாங்கும்போது

எண்ணெய்யை முகர்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள். காறல் வாடை லேசாக அடித்தாலும் வேண்டாம். சூடாக்கினால் போய்விடும், வாசனை எண்ணெய் போட்டால் மறைந்துவிடும் என்பதெல்லாம் நடக்காது. காறிய எண்ணெய் தோலை உறுத்தும். ஒருமுறை ஒரு கடையில் பாட்டிலின் தேதியை மட்டும் நம்பி அரை லிட்டர் வாங்கி வந்து, உருக்கிய பிறகுதான் வாடை தெரிந்தது. மெழுகோடு சேர்த்து எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதாயிற்று.

தேங்காய் எண்ணெய்யைச் சோதிக்க எளிய வழி ஒன்றை உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்கிறது. ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. சுத்தமானது முழுதாக உறையும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் அது தனி அடுக்காக நிற்கும்.

செக்கு நல்லெண்ணெய் என்றால் நம் பக்கத்தில் பெரும்பாலும் எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டியிருப்பார்கள். சாப்பாட்டுக்கு அதுதான் ருசி. களிம்புக்கு அந்தக் கசடு ஆகாது. இரண்டு, மூன்று நாள் அசைக்காமல் வைத்து, அடிமண்டியை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் மெல்லிய துணியில் வடித்து எடுங்கள்.

வைட்டமின் இ வாங்குவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எண்ணெய் காறாமல் இருக்கச் சேர்ப்பது அது. மருந்துக்கடைப் பச்சை கேப்சூலை வெட்டி ஊற்றினால் போதும் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த கேப்சூல்களில் பெரும்பாலும் இருப்பது டோகோபெரில் அசிடேட். உடம்புக்குள் போனால்தான் அது பிரிந்து வேலை செய்யும். கிண்ணத்தில் இருக்கும் எண்ணெய்யை அது காக்காது. டோகோபெரால் என்று எழுதியிருக்கிறதா, கலப்பு டோகோபெரால் என்றால் இன்னும் நல்லது, பார்த்து வாங்குங்கள். இதுவும் காறலைத்தான் தள்ளிப்போடும், கிருமியைத் தடுக்காது.

செய்முறை

முதல் செலவு தராசாக இருக்கட்டும். 0.1 கிராம் வரை காட்டும் சின்ன மின்னணுத் தராசு. கரண்டிக் கணக்கில் மெழுகை அளக்கவே முடியாது. சீவியது ஒரு கரண்டியும் மணியாக இருப்பது ஒரு கரண்டியும் ஒரே எடை அல்ல. 50 கிராமுக்கு இந்த அளவு:

கேண்டலில்லா மெழுகு 6 கிராம்
கோகம் பட்டர் 10 கிராம்
விளக்கெண்ணெய் 12 கிராம்
தேங்காய் எண்ணெய் 8 கிராம்
நல்லெண்ணெய் 13.7 கிராம்
டோகோபெரால் 0.3 கிராம்

10 கிராம் டப்பா ஐந்து வரும். கொடைக்கானலிலோ ஊட்டியிலோ இருந்தால் மெழுகை 5 கிராமாகக் குறைத்து, நல்லெண்ணெய்யை ஒரு கிராம் கூட்டுங்கள்.

டப்பா, கரண்டி, கிண்ணம் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் ஒரு பொட்டு ஈரமில்லாமல் காயவையுங்கள். டப்பாவின் உள்ளே ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒருமுறை துடைத்து ஆறவிடுங்கள். அடுப்பை மூட்டுவதற்கு முன்பே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

ஒரு பாத்திரத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர் வைத்துச் சூடாக்குங்கள். அதற்குள் உட்காரும் மாதிரி ஒரு எவர்சில்வர் கிண்ணம். மெழுகையும் எண்ணெய்யையும் நேராக அடுப்பில் வைக்காதீர்கள். அடி கருகும், தீப்பிடிக்கவும் கூடும். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டாம். சிறு குமிழி வந்தால் போதும், இல்லாவிட்டால் நீர் தெறித்துக் கிண்ணத்துக்குள் விழும்.

முதலில் மெழுகும் விளக்கெண்ணெய்யும். மெழுகு முழுதாகக் கரைந்து, கண்ணாடிபோலத் தெளியும்வரை பொறுமையாக இருங்கள். அப்புறம் கோகம் பட்டர். அதுவும் கரைந்த பிறகு நல்லெண்ணெய்யும் தேங்காய் எண்ணெய்யும். குளிர்ந்த எண்ணெய் விழுந்ததும் மெழுகு வெள்ளை வெள்ளையாகத் திரளும், பயப்பட வேண்டாம், இரண்டு நிமிடத்தில் மறுபடி தெளியும். தெளியாமல் இறக்கிவிட்டால்தான் பாமில் மணல்போலக் கட்டி இருக்கும்.

இப்போது ஒரு சோதனை. முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்த எவர்சில்வர் கரண்டியை எடுத்து, அதன்மேல் இரண்டு சொட்டு விடுங்கள். உறைந்ததும் அறைச்சூட்டுக்கு வரவிட்டு விரலால் தேயுங்கள். மிக இளக்கமா, அரை கிராம் மெழுகு கூட்டுங்கள். இழுக்கிறதா, கெட்டியா, இரண்டு கிராம் நல்லெண்ணெய் கூட்டுங்கள். ஊற்றுவதற்கு முன் திருத்த இதுதான் கடைசி வாய்ப்பு, அதனால் இதை விட்டுவிடாதீர்கள்.

கிண்ணத்தை இறக்கி, வெளிப்பக்க ஈரத்தைத் துடைத்துவிட்டு டோகோபெராலைக் கலக்குங்கள். உடனே ஊற்றுங்கள், கேண்டலில்லா காத்திருக்காது. டப்பாக்களை வெயிலில் வைத்து லேசாகச் சூடாக்கியிருந்தால் மேற்பரப்பு சமமாக வரும். நடுவில் குழி விழுந்தால் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு மேலே ஊற்றி நிரப்பலாம். மேலே ஏடு கட்டியதும் 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, அறைச்சூட்டுக்கு வந்த பிறகு மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து, அந்தத் தண்ணீர் உள்ளே சொட்டும்.

கிண்ணத்தைக் கழுவும் முன் சூடாக இருக்கும்போதே பழைய செய்தித்தாளால் துடைத்துவிடுங்கள். மெழுகை சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

வாசனை, நிறம், மற்றவை

முதல் முறை வாசனை சேர்க்காதீர்கள். ஏதாவது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எது என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும். பட்டை எண்ணெய் உதட்டை எரிக்கும். எலுமிச்சை, பெர்கமாட் போன்ற பழத்தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெய்கள் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கக்கூடும், உதட்டுக்கு அவை வேண்டவே வேண்டாம். பீட்ரூட் சாறு நிறத்துக்காகச் சேர்க்கச் சொல்வார்கள். அதன் நிறம் தண்ணீரில் கரைவது. எண்ணெய்யில் சேராமல் சொட்டுச் சொட்டாக அடியில் நிற்கும், கூடவே தண்ணீரும் உள்ளே வந்துவிடும். தேங்காய் எண்ணெய் வெயிலைத் தடுக்கும் என்பதையும் நம்பாதீர்கள், சன்ஸ்கிரீனின் இடத்தை எந்தச் சமையல் எண்ணெய்யும் பிடிக்காது.

செய்ததை நேராக உதட்டில் போடாமல், முழங்கையின் உள்மடிப்பில் காலையும் மாலையும் தடவி ஒரு வாரம் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் நிறுத்திவிடுங்கள். எள், வேர்க்கடலை, கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கொடுக்கும்போது என்னென்ன சேர்த்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். டப்பாவின் அடியில் தேதி ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது, அதற்கு முன்பே காறல் வாடை வந்தால் அன்றே எறிந்துவிடுங்கள்.

அக்கம்பக்கத்தில் நன்றாக இருக்கிறது என்று சொன்னதும் விற்கத் தோன்றும். பரிசாகக் கொடுப்பது வேறு, விற்பது வேறு. இந்தியாவில் 1940ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், அதன்கீழ் 2020இல் வந்த அழகுசாதன விதிகள், இவற்றின்படி விற்பனைக்குத் தயாரிக்க உரிமம் வேண்டும். வீட்டுச் சமையலறையில் செய்தது, இயற்கையானது என்பதால் விலக்கு கிடையாது.

கடைசியாக, மீந்த பொருட்களில் குதிகால் வெடிப்புக்கு ஒரு களிம்பு. கேண்டலில்லா 3, கோகம் பட்டர் 15, விளக்கெண்ணெய் 10, இலுப்பை எண்ணெய் 17, வேப்பெண்ணெய் 4.7, டோகோபெரால் 0.3 கிராம். செய்முறை அதேதான், இலுப்பையும் வேப்பெண்ணெய்யும் மற்ற எண்ணெய்களின் இடத்தில் சேரும். ரத்தம் வரும் அளவு வெடித்திருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றவர்கள் இரவில் பாதங்களை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, ஒற்றித் துடைத்து, ஈரம் இருக்கும்போதே தடவிப் பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுங்கள். வேப்பெண்ணெய் வாடை காலுறையோடு நின்றுவிடும்.